ஒரு பட்டியலில் இது முந்துகிறது, இன்னொன்றில் அது: எந்தச் செயலி வேகமானது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். புதிதாக வந்த இரண்டு லேப்டாப் செயலிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்றில் 16 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் கணக்கிடும் அலகுகள்), 5.4 கிகாஹெர்ட்ஸ் (கடிகார வேகம்). மற்றதில் 10 கோர், 4.4 கிகாஹெர்ட்ஸ். முப்பரிமாணப் படம் வரையச் சொல்லி வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் மென்பொருளின் மல்ட்டி கோர் (எல்லாக் கோர்களும் ஓடும்) பட்டியலில் முதலாவது ஏறக்குறைய 40 சதவீதம் முன்னால் நிற்கிறது. பலவகை வேலைகளைக் கொடுத்து அளக்கும் கீக்பெஞ்ச் 6-ன் மல்ட்டி கோர் பட்டியலில் இரண்டாவது முந்துகிறது. உங்கள் வேலை புரோகிராம் எழுதுவது, மாதத்தில் சில நாள் வீடியோ எடிட்டிங். எது உண்மையில் வேகம், எந்தப் பட்டியல் பொய் சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே பொய் சொல்லவில்லை. நேர்மையாக எடுத்த இரண்டு அளவீடுகள் ஏன் ஒன்றோடொன்று முட்டுகின்றன, அவற்றில் எது உங்கள் அன்றாட வேலையை ஒத்திருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் செயலி வடிவமைப்பவன் அல்ல. சர்வர் மென்பொருள் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. அதனால் சிப்பின் உள்ளே இருப்பதைவிட, அதன் மேல் ஒரு நிஜ வேலை ஓடும்போது நேரம் எங்கே போகிறது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த பக்கம். நீங்கள் சொன்ன இரண்டு லேப்டாப்களையும் நான் கையில் எடுத்து அளந்ததில்லை. ஆகவே 'இதை வாங்குங்கள்' என்று முடிக்கப் போவதில்லை. எப்படி முடிவெடுப்பது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.

கிகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் உங்கள் கேள்வியில் அதுதான் முதலில் வந்தது. ஒரு வேலை முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அந்த வேலைக்கு எத்தனை கட்டளைகள் தேவை, ஒரு கடிகாரத் துடிப்பில் செயலி சராசரியாக எத்தனை கட்டளைகளை முடிக்கிறது, ஒரு நொடிக்கு எத்தனை துடிப்புகள். கிகாஹெர்ட்ஸ் என்பது இந்த மூன்றில் கடைசி ஒன்று மட்டும். நடுவில் இருப்பதைத்தான் ஐபிசி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒரே வடிவமைப்பில் வந்த இரண்டு சிப்களை ஒப்பிட கிகாஹெர்ட்ஸ் உதவும். வடிவமைப்பு வேறானால் அந்த எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இதற்கு வரலாற்றில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 2000 நவம்பரில் இன்டெல் பென்டியம் 4-ஐ 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸில் வெளியிட்டது. அதற்கு முந்தைய பென்டியம் 3, 1 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடியது. ஆனாலும் அன்றைய பல மென்பொருள்களில் புதியது பழையதைத் தாண்டவே திணறியது. கடிகார வேகத்தை ஏற்றுவதற்காக ஒரு கட்டளையைச் செய்து முடிக்கும் படிகளை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 20 ஆக உயர்த்தியிருந்தார்கள். தொழிற்சாலை வரிசையை நீளமாக்கினால் ஒவ்வொரு படியிலும் வேலை குறையும், வரிசை வேகமாக நகரும். ஆனால் தவறான பொருள் ஒன்று உள்ளே வந்துவிட்டால் முழு வரிசையையும் காலி செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். செயலி 'அடுத்து இந்தப் பக்கம்தான் போகும்' என்று ஊகித்து, ஊகம் தவறும்போது நடப்பது இதுதான். 2004-ல் வந்த பிரெஸ்காட் வடிவத்தில் படிகள் 31 ஆயின. வெப்பம் தாங்க முடியாமல் போனது, 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டம் அதே ஆண்டு கைவிடப்பட்டது, 3.8-உடன் அந்தப் பாதை நின்றது. 2006-ல் வந்த கோர் 2 டுவோ 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டே அவற்றையெல்லாம் பின்தள்ளியது. பென்டியம் 4 காலத்தில், 2001-ல், இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டி தன் அத்லான் எக்ஸ்பி சிப் ஒன்றுக்கு, 1.8 கிகாஹெர்ட்ஸ் போலத் தோன்றும்படி, 1800+ என்று பெயர் வைத்தது. உண்மையில் அது ஓடியது 1.53 கிகாஹெர்ட்ஸில். மக்கள் கிகாஹெர்ட்ஸை மட்டுமே பார்த்ததால் அப்படி ஒரு பெயர் தேவைப்பட்டது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் 5.4 என்ற எண் அநேகமாக ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் வேலை செய்யும்போது கொஞ்ச நேரத்துக்குத் தொடும் உச்சம். 16 கோர்களும் ஒன்றாக உழைக்கும்போது அது ஓடும் வேகம் அதைவிட வெகுவாகக் கீழே இருக்கும். பெட்டியின் மேல் இந்தக் குறைந்த வேகத்தைப் போடுவதில்லை.

சரி, ஒரே துடிப்பில் ஒரு சிப் அதிகம் செய்வதும் இன்னொன்று குறைவாகச் செய்வதும் ஏன்? காரணங்கள் நிறைய. ஆனால் நான் அளந்து பார்த்த மென்பொருள்களில் பெரும்பாலானவற்றில் நேரத்தை அதிகம் விழுங்கியது ஒன்றுதான்: காத்திருப்பு. 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 0.2 நானோநொடி. அந்த நேரத்தில் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் போகும். மெமரியிலிருந்து ஒரு தரவு வந்து சேர 80 நானோநொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அது 400 துடிப்புகள். கொத்தனார் எவ்வளவு வேகமாகக் கை வீசினாலும் சித்தாள் செங்கல் கொண்டுவரவில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். செயலிக்குள் இருக்கும் கேஷ் என்பது சாரத்தின் மேலேயே அடுக்கி வைத்த செங்கல். மிக அருகில் இருக்கும் எல்1 கேஷிலிருந்து எடுக்க நான்கைந்து துடிப்புகள் போதும். எல்3-க்குப் போனால் பல பத்துத் துடிப்புகள். அதையும் தாண்டி மெமரிக்குப் போனால் நூற்றுக்கணக்கில்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை: ஏஎம்டி-யின் ரைசன் 7 5800எக்ஸ், ரைசன் 7 5800எக்ஸ்3டி. இரண்டும் ஒரே ஜென் 3 வடிவமைப்பு, இரண்டிலும் 8 கோர். 2022 ஏப்ரலில் வந்த எக்ஸ்3டி-யில் கேஷ் அடுக்கு ஒன்றைச் சிப்பின் தலைமேல் ஒட்டி, எல்3 கேஷை 32 எம்பி-யிலிருந்து 96 எம்பி ஆக்கினார்கள். அதற்கு விலையாக உச்ச வேகம் 4.7-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாக இறங்கியது. சினிபெஞ்சில் ஓட்டினால் எக்ஸ்3டி கொஞ்சம் பின்தங்கும். படம் வரையும் அந்த வேலைக்குத் தேவையான தரவு பெரும்பாலும் சின்ன கேஷிலேயே அடங்கிவிடுவதால் கூடுதல் கேஷ் அங்கே சும்மா கிடக்கும், கடிகார வேகம் குறைந்தது மட்டும் தெரியும். அதே சிப்பில் கேம் ஓட்டினால் கதை தலைகீழ். பல கேம்களில் அது தெளிவாக முந்தியது, சிலவற்றில் 20 சதவீதத்துக்கும் மேல். ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு சிப்களில் எது வேகம் என்ற கேள்விக்கே இப்படி இரண்டு சரியான பதில்கள் இருக்கின்றன என்றால், வேறு வேறு நிறுவனங்களின் சிப்களை ஒரே எண்ணால் வரிசைப்படுத்துவது எவ்வளவு கடினம் என்று பாருங்கள்.

இப்போது கோர்களின் எண்ணிக்கை. உங்கள் இரண்டு பட்டியல்களும் முட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சினிபெஞ்ச் செய்வது ஒரு முப்பரிமாணக் காட்சியைப் படமாக வரையும் வேலை. படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி ஒவ்வொரு கோரிடமும் கொடுத்துவிடலாம். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. கோர்களைக் கூட்டக் கூட்ட மதிப்பெண் கூடிக்கொண்டே போகும். நிஜ உலகில் இப்படிப் பிரிபடும் வேலைகள் உண்டு, ஆனால் எல்லா வேலைகளும் அப்படி இல்லை. ஜீன் அம்டால் 1967-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். ஒரு வேலையில் 90 சதவீதத்தைப் பிரித்துக் கொடுக்க முடியும், 10 சதவீதம் ஒருவரே செய்தாக வேண்டும் என்று வையுங்கள். 8 கோர் இருந்தால் ஒரு கோரைவிட 4.7 மடங்கு வேகம் கிடைக்கும். 16 கோர் ஆக்கினால் 6.4 மடங்கு. கோர்கள் இரட்டிப்பானாலும் லாபம் 36 சதவீதம்தான். எத்தனை கோர் வைத்தாலும் 10 மடங்கைத் தொடவே முடியாது.

கீக்பெஞ்ச் 5 வரை அதன் மல்ட்டி கோர் சோதனையும் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி வேலையைக் கொடுத்துவிட்டு மொத்தத்தைக் கூட்டியது. 2023-ல் வந்த கீக்பெஞ்ச் 6-ல் அதை மாற்றினார்கள். எல்லாக் கோர்களும் சேர்ந்து ஒரே வேலையைப் பகிர்ந்துகொள்ளும்படி சோதனைகளை அமைத்தார்கள். ஒருவருக்கொருவர் தகவல் சொல்ல வேண்டும், காத்திருக்க வேண்டும். அதனால் அதிக கோர் உள்ள சிப்களுக்குக் கிடைத்துவந்த பெரிய முன்னிலை அங்கே சுருங்கிவிட்டது. எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் வேகமான கோர்கள் கொண்ட சிப் மேலே வந்தது. உங்கள் 16 கோர் சிப் ஒரு பட்டியலில் முந்தி இன்னொன்றில் பிந்துவதற்கு இந்த ஒரு காரணமே போதும். கீக்பெஞ்ச் 6 வெளிவந்தபோது 'அதிக கோருக்கு அநியாயம்' என்று பலர் வாதிட்டார்கள். படம் வரைவதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு அந்த வாதம் நியாயமானது. சாதாரணமாக லேப்டாப் பயன்படுத்துகிறவர்களுக்குப் புதிய முறைதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பது என் கருத்து. இதில் மாற்றுக் கருத்து இருக்கலாம்.

கோர் எண்ணிக்கையைப் பார்க்கும்போது இன்னொரு கவனம் தேவை. இன்டெல் 2021-ல் 12-ஆம் தலைமுறையிலிருந்து மேசைக் கணினிகளுக்கும் பெரிய கோர், சிறிய கோர் என்று கலந்து போடத் தொடங்கியது. ஆப்பிளின் எம் வரிசையிலும் அப்படித்தான். ஆகவே '10 கோர்' என்பது பத்து சமமான ஆட்கள் அல்ல. கோர் ஐ7-1355யு-வில் 10 கோர் என்று எழுதியிருக்கும். அதில் பெரியவை 2, சிறியவை 8. கோர் ஐ7-13700எச்-ல் பெரியவை 6, சிறியவை 8. இரண்டுமே 'பதிமூன்றாம் தலைமுறை ஐ7' என்ற பெயரில்தான் விற்கப்பட்டன. 'ஐ7' என்ற பெயரைப் பார்த்து வாங்கியவர்களுக்கும் கடைசியில் இருக்கும் யு, எச் என்ற எழுத்தைப் பார்த்து வாங்கியவர்களுக்கும் கிடைத்த இயந்திரங்கள் வேறு வேறு. ஏஎம்டி பக்கமும் இப்படி உண்டு. ரைசன் 5 7520யு என்ற பெயரில் 7000 வரிசையில் வந்த சிப்பின் உள்ளே இருப்பது 2019-ல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. ஆகவே முழு மாடல் எண்ணையும் எடுத்து, உள்ளே என்ன கோர் எத்தனை என்று நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் பார்க்காமல் எந்த ஒப்பீட்டுக்குள்ளும் இறங்காதீர்கள்.

அடுத்து வருவதுதான் உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் நீங்கள் வாங்கப் போவது லேப்டாப். மின்சாரமும் வெப்பமும். சற்று முன் சொன்ன ஐ7-1355யு-வுக்கு இன்டெல் கொடுத்திருக்கும் அடிப்படை மின்திறன் 15 வாட். குறுகிய நேரத்துக்கு 55 வாட் வரை போகலாம். முதல் சில பத்து நொடிகள் சிப் முழு மூச்சில் ஓடும், அப்புறம் உடம்பு தாங்கும் அளவுக்கு இறங்கும். எங்கே இறங்கி நிற்கும் என்பதை முடிவு செய்வது சிப் அல்ல, லேப்டாப் செய்த நிறுவனம். ஃபேன் எவ்வளவு பெரியது, உலோகக் குழாய் எத்தனை, மேல்தகடு சுடாமல் இருக்க எவ்வளவு கட்டுப்பாடு வைத்தார்கள் என்பதெல்லாம் அதில் சேரும். ஒரு முறை எங்கள் குழுவுக்கு ஒரே செயலி போட்ட இரண்டு மாடல் லேப்டாப்கள் வந்தன. ஒன்று மெல்லியது, ஒன்று தடியானது. ஒரு நிமிடச் சோதனையில் இரண்டும் சமம். அரை மணி நேரம் ஓடும் சோதனைத் தொகுப்பைப் போட்டபோது மெல்லியது வெகுவாகப் பின்தங்கிவிட்டது. மதிப்பெண் பட்டியலில் அந்த இரண்டுக்கும் ஒரே வரிதான் இருந்தது.

இதைப் பொதுவெளியில் எல்லோரும் பார்த்த இன்னொரு உதாரணமும் உண்டு. 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 சிப்பைக் கொண்டுவந்தபோது மேக்புக் ஏர், 13 அங்குல மேக்புக் புரோ இரண்டிலும் அதே சிப். ஏரில் ஃபேன் கிடையாது. சின்னச் சோதனைகளில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, நீண்ட வேலை கொடுத்தால் ஏர் மெல்ல வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே மாதம் வந்த சினிபெஞ்ச் ஆர்23, ஒரே ஒரு முறை வரைந்துவிட்டு நிற்காமல் வழக்கமாகவே 10 நிமிடம் திரும்பத் திரும்ப ஓடும்படி அமைக்கப்பட்டது. காரணம் இதுதான்: புதிய சிப்கள் குறுகிய ஓட்டத்தில் தங்கள் உண்மையான நிலையைக் காட்டுவதில்லை. ஆகவே விமர்சனம் படிக்கும்போது அந்த மதிப்பெண் எத்தனை வாட்டில், எத்தனை நிமிட ஓட்டத்தில், எந்த லேப்டாப் உடம்பில் எடுத்தது என்று தேடுங்கள். அது எழுதப்படாத எண்ணுக்கு நான் பாதி மதிப்புத்தான் கொடுப்பேன். பேட்டரியில் ஓடும்போதும் அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். சார்ஜரைக் கழற்றியதும் பெரிய அளவில் வேகம் குறையும் லேப்டாப்கள் உண்டு, அப்படியே நிற்பவையும் உண்டு.

வேகத்தின் கடைசிச் சில சதவீதம் மிக அதிக மின்சாரத்தைத் தின்னும் என்பதையும் மனதில் வையுங்கள். சிப் செலவிடும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் கடிகார வேகத்துக்கும் ஏற்பக் கூடும். வேகத்தை ஏற்ற மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டும் என்பதால் இரண்டும் சேர்ந்து தாக்கும். மேசைக் கணினிக்கான ரைசன் 9 7950எக்ஸ் சாதாரணமாக 230 வாட் வரை எடுத்துக்கொள்ளும். அதையே 65 வாட் ஈகோ மோடில் (மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் அமைப்பில்) போட்டால் உச்சம் 88 வாட்டாகக் குறையும். மின்சாரம் பாதிக்கும் கீழே போனாலும் மல்ட்டி கோர் மதிப்பெண்ணின் பெரும்பகுதி நிற்கும். பட்டியலில் முதலிடம் பிடிக்க நிறுவனங்கள் அந்தக் கடைசிச் சில சதவீதத்துக்காகப் போட்டி போடுகின்றன. ஃபேன் சத்தத்தோடு வாழப் போவது நீங்கள். இரண்டு சிப்களுக்கு நடுவே 8 சதவீத வித்தியாசத்தையும் இரண்டு மடங்கு மின்செலவையும் பார்த்தால் நான் யோசிக்காமல் குறைந்த மின்செலவுப் பக்கம் போய்விடுவேன்.

எண்களை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருந்தீர்கள். அளவீட்டுக்காகவே மென்பொருளை வளைக்கும் பழக்கம் பழையது. ஸ்பெக் என்ற அமைப்பு 1988-ல் தொடங்கியது. நிஜ மென்பொருள்களை வைத்துச் செயலிகளை அளப்பதில் இன்றும் அதற்குத் தனி மரியாதை உண்டு. அதன் முதல் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்று அணிகளைப் பெருக்கும் ஒரு சோதனை இருந்தது. கம்பைலர்கள் (எழுதிய புரோகிராமைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்கள்) அந்தக் கணக்கின் வரிசையையே மாற்றி அடுக்கக் கற்றுக்கொண்டதும் மதிப்பெண் ஒரேயடியாக ஏறியது. 1992 தொகுப்பில் அந்தச் சோதனையையே எடுத்துவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்தும் இது நிற்கவில்லை. 2024-ல் ஸ்பெக் அமைப்பு 2,600-க்கும் மேற்பட்ட முடிவுகளைச் செல்லாது என்று அறிவித்தது. அவற்றில் பயன்படுத்திய இன்டெல் கம்பைலர் ஒரு குறிப்பிட்ட சோதனைக்கென்றே செய்த மேம்படுத்தலைக் கொண்டிருந்தது என்பது காரணம். அமைப்பு தன் சொந்த முடிவுகளையே வெளிப்படையாகத் திரும்பிப் பார்த்ததால்தான் அதை நான் இன்னும் நம்புகிறேன்.

நிறுவனங்கள் அறிமுக மேடையில் சொல்லும் சதவீதங்கள் வேறு வகை. அவை பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை, ஆனால் எந்த வேலைகளின் சராசரி என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 2024-ல் தன் புதிய வடிவமைப்பான ஜென் 5-க்கு ஏஎம்டி சராசரியாக 16 சதவீத ஐபிசி உயர்வு என்றது. ஆகஸ்டில் சிப் கைக்கு வந்ததும் கேம்களில் பல விமர்சகர்களுக்கு அதைவிட வெகு குறைவாகவே கிடைத்தது. ஒரே கட்டளையில் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்-512 கணக்குகளில் பெரிய உயர்வு கிடைத்தது. பிறகு விண்டோஸில் வந்த ஒரு திருத்தம் கேம் எண்களைச் சற்று ஏற்றியது, அது பழைய ஜென் சிப்களுக்கும் உதவியது. சிப் அதே, மென்பொருள் மாறியதும் எண் மாறியது. எதிர்த் திசையிலும் இது நடக்கும். 2018-ல் செயலிகளில் இருந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைபாடுகள் வெளிவந்தபோது அவற்றை அடைத்த திருத்தங்கள் சில சர்வர் வேலைகளை நன்றாகவே மெதுவாக்கின. அந்த மாதங்களில் நான் முந்தைய ஆண்டு எடுத்த அளவீடுகள் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் பட்டியல்களைப் பார்த்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

ஒட்டுமொத்த மதிப்பெண் என்ற ஒற்றை எண்ணிலும் ஒரு சிக்கல். பத்துச் சோதனைகளில் ஒன்பதில் இரண்டு சிப்களும் சமம், பத்தாவதில் ஒன்று மூன்று மடங்கு வேகம் என்றால் பெருக்குச் சராசரியில் (எண்களைக் கூட்டாமல் பெருக்கி எடுக்கும் சராசரியில்) அது ஏறக்குறைய 12 சதவீதம் முன்னால் தெரியும். உங்களுக்கு அந்தப் பத்தாவது வேலை தேவையே இல்லை என்றால் அந்த 12 சதவீதம் உங்களைப் பொறுத்தவரை பூஜ்யம். 2024-ல் கீக்பெஞ்ச் 6.3 வெளிவந்தபோது, அணிக் கணக்குகளுக்கான எஸ்எம்இ என்ற புதிய கட்டளைத் தொகுப்பைப் பயன்படுத்தத் தொடங்கியது. அடுத்து வந்த ஆப்பிளின் எம்4 சிப்பில் அந்த வசதி இருந்ததால் சில துணைச் சோதனைகள் தனியாக எகிறின. எம்4 மற்றவற்றிலும் நன்றாகவே முன்னேறியிருந்தது, ஆனால் எவ்வளவு என்று அறிய உள்ளே திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டியிருந்தது. கீக்பெஞ்ச் அந்த விவரத்தை மறைப்பதில்லை, கிளிக் செய்து பார்க்கலாம். பலர் பார்ப்பதில்லை. சின்ன வித்தியாசங்களையும் விட்டுவிடுங்கள். ஒரே இயந்திரத்தில் ஒரே சோதனையை ஐந்து முறை ஓட்டினாலே இரண்டு மூன்று சதவீதம் ஆடும். இரண்டு பட்டியல் வரிகளுக்கு நடுவே 5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் எதையும் நான் வித்தியாசம் என்றே எண்ணுவதில்லை.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். முழு புராஜெக்டையும் முதலிலிருந்து கம்பைல் செய்வது நன்றாகப் பிரிபடும் வேலை, ஒவ்வொரு கோப்பையும் ஒரு கோர் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு நாளில் நீங்கள் அதை எத்தனை முறை செய்கிறீர்கள்? ஒரு கோப்பில் இரண்டு வரி மாற்றி, அதை மட்டும் கம்பைல் செய்து, எல்லாவற்றையும் இணைத்து, ஓட்டிப் பார்ப்பதுதான் நூறு முறை நடக்கும். அந்த நூறு முறையும் காத்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கோருக்காக. ஆகவே உங்களுக்கு சிங்கிள் கோர் வேகத்துக்கே முதலிடம் தருவேன். அதற்கடுத்து, உங்கள் மொழிக்கு நெருக்கமான கம்பைல் சோதனை முடிவுகள். லினக்ஸ் கர்னலையோ ஒரு பெரிய உலாவியையோ கம்பைல் செய்ய எத்தனை நிமிடம் என்று வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவை சினிபெஞ்சைவிட உங்களுக்கு நேரடியாகப் பேசும். வலைத்தளம் சார்ந்த வேலை என்றால் 2024-ல் உலாவி நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்த ஸ்பீடோமீட்டர் 3 நல்ல அளவுகோல்.

வீடியோவில் நிலைமை வேறு. எச்.264, எச்.265 கோப்புகளைப் பிரித்துப் படிப்பதையும் மறுபடி சுருக்குவதையும் இன்று பெரும்பாலும் செய்வது கோர்கள் அல்ல, சிப்புக்குள் அதற்கென்றே இருக்கும் தனி வன்பொருள். இன்டெல் இதை 2011-லிருந்து குயிக் சிங்க் என்ற பெயரில் தருகிறது, ஆப்பிளுக்கும் ஏஎம்டி-க்கும் சொந்தமாக உண்டு. 16 கோரா 10 கோரா என்பது இங்கே இரண்டாம் கேள்வி. உங்கள் கேமரா எந்த வடிவத்தில் பதிகிறது, அந்த வடிவத்தை இந்தச் சிப்பின் வன்பொருள் படிக்குமா என்பது முதல் கேள்வி. குறிப்பாக நிற விவரத்தை அதிகமாகச் சேமிக்கும் 10 பிட் 4:2:2 வடிவத்தில் பதியும் கேமராக்கள் இருக்கின்றன, அதை எல்லா வன்பொருளும் படிப்பதில்லை. படிக்காவிட்டால் எவ்வளவு பெரிய செயலியானாலும் டைம்லைனை இழுக்கும்போது தடுமாறும். இதைச் சரிபார்க்காமல் பெஞ்ச்மார்க் பார்ப்பதில் பயனில்லை.

டாப்ஸ் (ஒரு நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குகள்) என்று எழுதியிருக்கும் ஏஐ எண்ணை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். நீங்கள் சொன்ன இரண்டு வேலைகளும் அதைப் பெரிதாகத் தொடாது.

என்னைக் கேட்டால், நீங்கள் சொன்ன வேலைக்கு இரண்டாவது சிப் பக்கம்தான் என் மனம் சாய்கிறது, அதன் சிங்கிள் கோர் மதிப்பெண் சமமாகவோ மேலாகவோ இருந்தால். அது சமமாகவே இருக்கிறது என்று உங்கள் கீக்பெஞ்ச் எண்களிலிருந்து ஊகிக்கிறேன், ஆனால் நீங்கள் கொடுத்தது மல்ட்டி கோர் எண் மட்டும் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது. முழு புராஜெக்டையும் அடிக்கடி கம்பைல் செய்பவராக இருந்தால் கணக்கு மாறி முதலாவது மேலே வரும், அதுவும் நன்றாகக் குளிரவைக்கும் உடம்பில் வந்தால்.

வாங்குவதற்கு முன் இப்போதைய கணினியில் ஒரு சோதனை செய்து பாருங்கள், அரை மணி நேரம் போதும். உங்கள் புராஜெக்டில் ஒரு கோப்பை மாற்றி கம்பைல் செய்யும்போது டாஸ்க் மேனேஜரில் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டும்படி வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் உச்சத்தில், மற்றவை சும்மா இருந்தால் உங்களுக்குத் தேவை வேகமான கோர். எல்லாம் உச்சத்தில் இருந்தால் அதிக கோர். எதுவுமே உச்சத்தைத் தொடாமல் டிஸ்க் மட்டும் ஓடிக்கொண்டிருந்தாலோ, மெமரி நிரம்பி வழிந்தாலோ, புதிய செயலி இந்த மந்தத்தைத் தீர்க்காது. அப்போது கூடுதல் மெமரியும் நல்ல எஸ்எஸ்டி-யும்தான் மருந்து. மூன்றில் எது தெரிந்தது என்பதையும், இரண்டு லேப்டாப்களின் முழு மாடல் எண்களையும், உங்கள் கேமரா பதியும் வடிவத்தையும் எழுதுங்கள். அப்போது இதைவிடக் குறிப்பாகச் சொல்கிறேன்.